கனடாவில் மூப்படையும் பெற்றோருக்கான பராமரிப்பு: ஒன்ராறியோத் தமிழ்க் குடும்பங்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

ஒன்ராறியோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் முதியோர் பராமரிப்புப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் தொடங்குகிறது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகு, அல்லது அப்பா பனிக்காலத்தில் வீட்டை விட்டு வெளியேறி வழி தெரியாமல் நின்ற பிறகு, பிள்ளைகள் ஒன்றுகூடி என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். அந்த நேரத்தில் தெரிவுகள் மிகவும் குறைந்துவிட்டிருக்கும். பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டறியும் வாய்ப்பும் சில வேளைகளில் கடந்துபோயிருக்கும். ஆகவே கீழே சொல்லப்படும் எல்லாவற்றையும், பெற்றோர் தெளிவாகச் சிந்தித்துப் பேசக்கூடிய காலத்திலேயே, முடிந்தால் எழுபது வயதுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

"முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்" என்ற ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியே பல குடும்பங்கள் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகின்றன. இரவில் மூன்று முறை எழுப்பித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய நிலையில் உள்ள ஒருவரை, காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகும் மகளால் தனியாகப் பராமரிக்க முடியாது. இதை வெளிப்படையாகச் சொல்வதில் எந்த அவமரியாதையும் இல்லை.

வதிவிட நிலையும் வருமானமும்

முதலில் பார்க்க வேண்டியது பெற்றோர் எந்தத் தகுதியில் கனடாவில் இருக்கிறார்கள் என்பது. பெற்றோர் வருகையாளராக நீண்டகாலம் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்தவர்கள் 2022 ஜூலைக்குப் பின்னர் ஒரு முறை வந்தால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் அவர்களுக்கு ஒன்ராறியோவின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் கிடையாது. குறைந்தது 100,000 டொலருக்கான தனியார் மருத்துவக் காப்புறுதியே அவர்களுக்குத் துணை. ஓஹிப் இல்லாதவரை அரசு நிதியுதவி பெறும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க முடியாது. பெற்றோர் நிரந்தரமாக இங்கேயே இருக்கப் போகிறார்கள் என்றால், சூப்பர் விசாவை ஒரு தீர்வாக எண்ணிக்கொண்டு ஆண்டுகளைக் கடத்தக் கூடாது.

ஸ்பொன்சர் செய்யப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவர்களின் நிலை வேறு. ஸ்பொன்சர் செய்த பிள்ளை 20 ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டிருக்கிறார். முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு எனப்படும் ஓ.ஏ.எஸ். கிடைப்பதற்கு, 18 வயதுக்குப் பின் கனடாவில் குறைந்தது 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். முழுத் தொகைக்கு 40 ஆண்டுகள் தேவை. இடைப்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் நாற்பதில் ஒரு பங்கு கணக்கிடப்படும். 65 வயதில் வந்திறங்கிய ஒருவருக்கு 75 வயதில்தான் இது தொடங்கும், அதுவும் கால்பங்காகத்தான். ஆயினும் வருமானம் குறைந்தவர்களுக்கு வழங்கப்படும் ஜி.ஐ.எஸ். என்ற மேலதிகக் கொடுப்பனவு அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது.

இந்த ஜி.ஐ.எஸ். தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், வருமானமே இல்லாவிட்டாலும், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30க்குள் வருமான வரிப் படிவத்தைச் சமர்ப்பித்துவிட வேண்டும். "அப்பாவுக்கு என்ன வருமானம், எதற்கு வரி?" என்று விட்டுவிடும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அதனால் மாதக் கொடுப்பனவு தடைப்படுவதோடு, பின்னாளில் பராமரிப்பு இல்லக் கட்டணத்தைக் குறைக்கக் கோரும்போது காட்ட வேண்டிய வரி மதிப்பீட்டு அறிவித்தலும் கையில் இராது.

ஊருக்குத் திரும்பி யாழ்ப்பாணத்திலோ கோயம்புத்தூரிலோ வாழ நினைப்பவர்களும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். கனடாவில் 20 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கே ஓ.ஏ.எஸ். வெளிநாட்டிலும் தொடர்ந்து வரும், ஜி.ஐ.எஸ். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் எவருக்கும் நின்றுவிடும். எந்த 12 மாத காலத்திலும் 153 நாட்களாவது ஒன்ராறியோவில் இருந்தால்தான் ஓஹிப் தகுதி நிலைக்கும். பனிக்காலத்தில் ஊரிலும் கோடையில் ரொறன்ரோவிலும் வாழ்வது, நடமாடக்கூடிய காலத்தில் மிக நல்ல ஏற்பாடு. விமானத்தில் சக்கர நாற்காலி கேட்க வேண்டிய நிலை வந்ததும் எந்தப் பக்கம் நிலைகொள்வது என்று தீர்மானித்துவிட வேண்டும்.

இரண்டு அற்றோர்ணிப் பத்திரங்கள்

தம்மால் இயலாதபோது தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரமே அற்றோர்ணித் தத்துவம். ஒன்ராறியோச் சட்டப்படி அது இரண்டு வகைப்படும். ஒன்று சொத்துக்கானது, அதாவது வங்கிக் கணக்கு, வீடு, கட்டணங்கள் ஆகியவற்றை நிர்வகிப்பதற்கானது. மற்றையது தனிப்பட்ட பராமரிப்புக்கானது, அதாவது சிகிச்சை, உணவு, எங்கே வாழ்வது என்பவற்றைத் தீர்மானிப்பதற்கானது. இரண்டும் வேண்டும். மாகாண அரசின் சட்டமா அதிபர் அமைச்சு இதற்கான படிவத் தொகுப்பை இலவசமாகவே வழங்குகிறது. சட்டத்தரணி கட்டாயமில்லை, எனினும் வீடு ஒருவர் பெயரில் இருந்தால் சட்டத்தரணியிடம் செல்வதே நல்லது.

இங்கே பிழை நேரும் இடம் சாட்சிகள். இரண்டு பேர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். கணவன் மனைவியோ, பிள்ளைகளோ, பத்திரத்தில் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவரோ, அவருடைய வாழ்க்கைத் துணையோ சாட்சியாக இருக்க முடியாது. சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்து மகனும் மருமகளும் சாட்சியிட்ட பத்திரத்தை வங்கி ஏற்காது. மேலும், இரண்டு பிள்ளைகளை நியமிக்கும்போது "சேர்ந்தோ தனித்தனியாகவோ" செயற்படலாம் என்று எழுதாவிட்டால், ஒவ்வொரு காசோலைக்கும் இருவரும் கையொப்பமிட வேண்டியிருக்கும். ஒரு பிள்ளை ரொறன்ரோவிலும் மற்றவர் லண்டனிலும் இருக்கும் குடும்பத்துக்கு அது நடைமுறைக்கு ஒவ்வாது.

பத்திரம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்குச் சட்டமே ஒரு வரிசையை வகுத்திருக்கிறது: முதலில் வாழ்க்கைத் துணை, அடுத்துப் பிள்ளைகள். பிள்ளைகள் எல்லோரும் சம நிலையில் இருப்பதால், அவர்களுக்குள் இணக்கம் ஏற்படாவிட்டால் முடிவு அரச பாதுகாவலரின் கைக்குப் போய்விடும். சொத்து விடயத்தில் அப்படியொரு வரிசையே இல்லை. தாயின் கணக்கிலிருந்து தாயின் மருந்துக்குப் பணம் எடுக்கக்கூட மகனுக்கு உரிமை இராது. மறதி நோய் முற்றிய பிறகு இந்தப் பத்திரத்தை எழுத முடியாது என்பதால்தான் இதை முதல் வேலைகளில் ஒன்றாகச் சொல்கிறேன்.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது

முடிந்தவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கு உதவி உண்டு. கேட்டுப் பெற வேண்டும். முன்பு பிராந்திய அமைப்புகள் பலவாக இயங்கியவை 2024 ஜூனில் ஒன்றிணைக்கப்பட்டு, 'ஒன்ராறியோ ஹெல்த் அட் ஹோம்' என்ற ஒரே நிறுவனமாக்கப்பட்டன. குடும்ப வைத்தியர் மூலமாகவோ நேரடியாகவோ தொடர்புகொள்ளலாம். பராமரிப்பு இணைப்பாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து மதிப்பீடு செய்து, குளிப்பாட்ட உதவும் பராமரிப்புப் பணியாளரான பி.எஸ்.டபிள்யூ., தாதி, இயன்மருத்துவர் ஆகியோரைக் கட்டணமின்றி ஒழுங்குசெய்வார்.

மதிப்பீட்டு நாளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தவருக்கு முன்னால் நம் பெற்றோர் நிமிர்ந்து உட்கார்ந்து, "எல்லாம் நானே செய்வன்" என்று சொல்லிவிடுவார்கள். அது அவர்களுடைய தன்மானம். ஆனால் பதிவாவது அந்தப் பதிலே. கிடைக்கும் மணித்தியாலங்களும் அதன்படியே குறையும். ஆகவே கடந்த சில வாரங்களில் எத்தனை முறை விழுந்தார், எந்த மருந்தை மறந்தார், இரவில் என்ன நடந்தது என்பதைத் திகதியுடன் எழுதிவைத்து, இணைப்பாளரிடம் தனியாகக் கொடுத்துவிடுவது நல்லது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால், சிறுநீர் கட்டுப்படாததைப் பாட்டி ஒருபோதும் சொல்ல மாட்டார்.

தனியார் ஓய்வு இல்லங்கள், அதாவது ரிட்டையர்மென்ற் ஹோம் எனப்படுபவை, ஓரளவு நடமாடக்கூடியவர்களுக்கானவை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இவை உரிமம் பெற வேண்டும். உரிம அதிகார சபையின் பொதுப் பதிவேட்டில் ஒவ்வோர் இல்லத்தின் ஆய்வறிக்கையையும் வாசிக்கலாம். முழுச் செலவும் குடும்பத்துடையது, அரச மானியம் இல்லை. ஒப்பந்தத்தில் வாடகையும் உணவு, பராமரிப்புக் கட்டணங்களும் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள்: வாடகை உயர்வுக்குப் பெரும்பாலும் வரம்பு உண்டு, பராமரிப்புக் கட்டண உயர்வுக்கு வரம்பு இல்லை.

நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பித்தல்

இருபத்துநான்கு மணி நேரமும் தாதியர் கவனிப்புத் தேவைப்படும் நிலை நெருங்கும்போது விண்ணப்பிக்க வேண்டிய இடமும் அதே 'ஹெல்த் அட் ஹோம்' தான். இல்லங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. 5 இல்லங்கள் வரை விருப்ப வரிசையில் குறிப்பிடலாம். காத்திருப்பு இல்லத்துக்கு இல்லம் வேறுபடும். சில மாதங்களிலிருந்து பல ஆண்டுகள் வரை ஆகலாம். ஒரு சமூகத்தின் மொழியிலும் உணவிலும் இயங்கும் இல்லங்களுக்கே வரிசை மிக நீளம். சீன சமூகத்தவர் 1994இல் ஸ்காபரோவில் திறந்த யீ ஹொங் நிலையம் அதற்குத் தெளிந்த உதாரணம்.

ஐந்து இல்லங்களையும் நேரில் போய்ப் பார்க்காமல் பட்டியலிடக் கூடாது. இல்லத்துக்குப் போவதானால் மதிய உணவு நேரத்தில் போங்கள். ஊட்டிவிட வேண்டியவர்களுக்கு எத்தனை பணியாளர்கள் இருக்கிறார்கள், யாருடைய தட்டு தொடப்படாமல் திரும்புகிறது, தமிழ் பேசும் பி.எஸ்.டபிள்யூ. எந்தெந்த வேளைகளில் வேலை செய்கிறார், சைவ உணவு என்றால் அங்கே என்ன தருகிறார்கள் என்பவற்றையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்திலேயே அறிந்துகொள்ளலாம்.

படுக்கை கிடைத்ததாக அழைப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஐந்து நாட்களுக்குள் குடிபோக வேண்டும். வீட்டிலிருந்து காத்திருப்பவர் மறுத்தால், எல்லா வரிசைகளிலிருந்தும் பெயர் நீக்கப்படும். உடல்நிலையில் பெரிய மாற்றம் ஏற்பட்டாலன்றி 12 வாரங்களுக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. எனவே உண்மையில் போக விருப்பமில்லாத இல்லத்தை, "சும்மா இருக்கட்டும்" என்று பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மருத்துவப் பராமரிப்புச் செலவை அரசு ஏற்கிறது. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் குடியிருப்பவர் கட்ட வேண்டும். பலர் சேர்ந்து தங்கும் அடிப்படை அறைக்கு மாதம் 2,000 டொலருக்குச் சற்று மேல். வருமானம் குறைந்தவர்கள் அடிப்படை அறைக்கு மட்டும் கட்டணக் குறைப்புக் கோரலாம். அது வருமானத்தை வைத்தே கணிக்கப்படுகிறது; வீடோ சேமிப்போ கணக்கில் வராது. தம்பதியரில் ஒருவர் இல்லத்துக்கும் மற்றவர் வீட்டுக்குமாகப் பிரிய நேர்ந்தால், விருப்பத்துக்கு மாறாகப் பிரிந்து வாழ்பவர்கள் என்று, இந்தக் கொடுப்பனவுகளை நிர்வகிக்கும் சேர்விஸ் கனடாவுக்கு அறிவிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொருவருடைய ஜி.ஐ.எஸ். தொகையும் தனித்தனி வருமானத்தின்படி கணிக்கப்படுவதால், மாத வருமானம் பலருக்குக் கணிசமாக உயர்கிறது. அந்தப் படிவத்தை நீங்களே கேட்டு வாங்கி நிரப்ப வேண்டும்.

வைத்தியசாலையில் இருக்கும்போது விதி மாறுகிறது. 2022இல் நிறைவேறிய சட்டத்தின்படி, வைத்தியசாலைச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று வைத்தியர் தீர்மானித்துவிட்டால், நோயாளியின் சம்மதம் இல்லாமலேயே இணைப்பாளர் ஓர் இல்லத்தைத் தெரிவுசெய்யலாம். தென் ஒன்ராறியோவில் அது நோயாளி விரும்பும் இடத்திலிருந்து 70 கிலோமீற்றர் தூரம் வரை இருக்கலாம், வடக்கில் 150 கிலோமீற்றர் வரை. போக மறுத்து வைத்தியசாலையிலேயே இருந்தால் நாளொன்றுக்கு 400 டொலர் கட்டணம். ஸ்காபரோவில் அறுபது தமிழ் வீடுகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவர், தமிழே கேட்காத ஒரு நகரத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்க நேர்வது இப்படித்தான். முன்கூட்டியே விண்ணப்பித்து வரிசையில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. அப்படி வேறோர் இல்லத்துக்குப் போக நேர்ந்தாலும், தாம் விரும்பிய இல்லத்தின் வரிசையில் தொடர்ந்து இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். அந்த இடத்தை ஒருபோதும் கைவிடாதீர்கள்.

குடிபோன பிறகு

மறதி நோய் வந்தவர்கள் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலத்தை முதலில் இழந்து, தாய்மொழிக்கே திரும்புவது பரவலாகக் காணப்படும் ஒன்று. முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் ஆங்கிலம் பேசியவர்கூட ஒருநாள் தமிழில் மட்டுமே பதில் சொல்லத் தொடங்குவார். அந்த நாளுக்காக ஒரு தாளைத் தயாரித்துக் கட்டிலருகே ஒட்டிவையுங்கள். "நோகுது", "எரியுது", "உளையுது", "விறைக்குது", "ஒண்டுக்குப் போகோணும்", "குளிருது" என்று அவர் வழக்கமாகச் சொல்லும் சொற்களை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, எதிரே பொருளையும் எழுதுங்கள். யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அவர் யார், இப்போது உயிருடன் இருக்கிறாரா என்பதையும் குறித்துவையுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத முதியவரின் கோபத்தைப் பணியாளர்கள் முரட்டுத்தனம் என்று பதிவுசெய்து, அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்துவிடும் ஆபத்தை இந்தத் தாள் பெருமளவு தடுக்கும்.

குடிபோன ஆறு வாரங்களுக்குள் வைத்தியர், தாதி, உணவியலாளர் ஆகியோர் அடங்கிய பராமரிப்புக் கூட்டத்தை இல்லம் நடத்த வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் நடத்த வேண்டும். தொலைபேசியிலாவது அதில் கலந்துகொள்ளுங்கள். கொடுக்கப்படும் மருந்துகளின் முழுப் பட்டியலையும் மாதாந்த எடைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். எடை இறங்கியிருந்தால் உணவு பிடிக்கவில்லை என்றோ ஊட்ட ஆளில்லை என்றோதான் பெரும்பாலும் பொருள். வாரத்தில் எந்தெந்த நாட்களில் வீட்டிலிருந்து புட்டும் சொதியும் கொண்டுவரலாம், விழுங்குவதில் சிரமம் இருந்தால் எந்தப் பதத்தில் மசித்துக் கொடுக்கலாம் என்பதை அந்தக் கூட்டத்திலேயே எழுத்தில் பதிவுசெய்துகொள்ளுங்கள்.