ஆன்லைனில் அமெரிக்க அரசியல் பாடம் எடுக்கிறீர்களா? இப்படிப் படியுங்கள்

டெக்சாஸில் அரசுக் கல்லூரியில் எந்தப் பட்டம் வாங்குவதாக இருந்தாலும், நர்சிங்கோ கம்ப்யூட்டரோ, அரசியல் பாடத்தில் ஆறு கிரெடிட் முடிக்க வேண்டும். மாநிலச் சட்டமே அப்படி. வழக்கமாக ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, பற்றி ஒரு பாடம், டெக்சாஸ் அரசு பற்றி ஒரு பாடம் என்று மூன்று மூன்று கிரெடிட்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். வேலை, குழந்தைகள் என்று சில வருஷம் ஓடிவிட்டு மறுபடி கம்யூனிட்டி காலேஜில் சேரும்போது, "பொது அறிவுதானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று இந்தப் பாடத்தை முதலில் ஆன்லைனில் எடுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் தேர்வில் 61 வாங்கினேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்துத்தான் எழுதினேன், ஆனால் படித்த விதம் தப்பு. அதை மாற்றியபிறகு கடைசியில் ஏ வந்தது. என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு அந்த முதல் தேர்வாவது மிச்சமாகட்டும்.

மதுரையில் பள்ளியில் குடிமையியல் படித்த என் தலைக்குள் ஒரு படம் ஏற்கெனவே இருந்தது. மக்களவையில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்கள் ஆட்சி, எம்.பி.க்களில் சிலர் மந்திரி, பெரும்பான்மை போனால் ஆட்சி கவிழும். வாஷிங்டனைப் பற்றிப் படித்ததையெல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே திணித்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் கோளாறு. அமெரிக்காவில் அதிபர் தேர்தல் தனி, காங்கிரஸ் தேர்தல் தனி. காங்கிரஸ் என்பது இங்குள்ள நாடாளுமன்றம், பிரதிநிதிகள் சபை, செனட் என்று அதற்கு இரண்டு அவை. அதிபரின் கட்சி இரண்டு அவையிலும் தோற்றாலும் அவர் தன் நான்கு வருஷத்தை முடிப்பார். அவையைக் கலைக்க அவரால் முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அவரை இறக்கக் காங்கிரசாலும் முடியாது. பதவிநீக்க விசாரணை என்பது குற்றச்சாட்டுக்கானது, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். காங்கிரஸில் உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சராகவும் இருக்கக்கூடாது என்று அரசமைப்பின் முதல் ஷரத்து, ஆறாம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் 2009இல் ஹிலாரி கிளின்டனும் 2025இல் மார்கோ ரூபியோவும் வெளியுறவு அமைச்சராகும்போது செனட் பதவியை விட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டில் பக்கத்தை நடுவில் மடித்து இடது பக்கம் "ஊரில்", வலது பக்கம் "இங்கே" என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வார்த்தை இரண்டு இடத்திலும் வேறு வேறு அர்த்தத்தில் வரும் இடங்களை அதில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். காங்கிரஸ் என்றால் நமக்குக் கட்சி, இங்கே நாடாளுமன்றம். கவர்னர் நமக்குக் குடியரசுத் தலைவர் நியமிப்பவர், இங்கே மக்கள் ஓட்டுப்போட்டு வருகிறவர், நம் முதல்வர் மாதிரி. செக்ரட்டரி என்றால் நமக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி, இங்கே துறையின் அமைச்சரே அவர்தான். சபாநாயகர் நம்மிடம் கட்சிக்கு அப்பாற்பட்டவராக இருக்க வேண்டியவர், பிரதிநிதிகள் சபையின் ஸ்பீக்கரோ வெளிப்படையாகவே பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். எல்லாவற்றையும் விட முக்கியமான வரி, கட்சித் தாவல் தடைச் சட்டம். நமக்கு அது 1985இல் வந்தது, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப்போட்டால் பதவியே போகலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. 2017 ஜூலையில், ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் மசோதாவில் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயின் நள்ளிரவு தாண்டி செனட்டுக்குள் நடந்துவந்து கட்டைவிரலைக் கீழே காட்டினார், 49க்கு 51 என்று சொந்தக் கட்சியின் மசோதா விழுந்தது, அவர் பதவி அப்படியே இருந்தது. அந்த ஒரு வரியை எழுதியபிறகுதான் தனிப்பட்ட உறுப்பினர், லாபி, தேர்தல் நிதி என்று பாடப்புத்தகம் ஏன் இத்தனை பக்கம் பேசுகிறது என்பது எனக்கு விளங்கியது.

அடுத்தது, பாடப்புத்தகத்துக்கு முன்னால் அரசமைப்பைப் படியுங்கள். நம் அரசமைப்பை நினைத்துப் பயப்படவேண்டாம். 1787இல் எழுதிய மூலம் ஏழே ஷரத்து, கிட்டத்தட்ட 4,500 சொற்கள், அப்புறம் 27 திருத்தங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் வாரத்திலேயே இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாம் தடவை, அதில் எது இல்லை என்று தேடிக்கொண்டே படியுங்கள். அரசியல் கட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் என்று இல்லை, அது 1869 முதல் சட்டத்தின்படி இருப்பது. பிரதிநிதிகள் சபையில் 435 பேர் என்றும் இல்லை. ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று எங்கேயும் நேராக எழுதவில்லை. அது 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் நீதிமன்றம் நிலைநாட்டிக்கொண்டது. செனட்டில் பேச்சை முடித்து ஓட்டெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும் என்பது செனட் தனக்குப் போட்டுக்கொண்ட விதி. இந்த "இல்லாதவை" பட்டியல் கையில் இருந்தால் தேர்வில் வரும் குழப்பக் கேள்விகளில் பாதி தெளிவாகிவிடும், ஏனென்றால் எது அரசமைப்பு, எது சாதாரணச் சட்டம், எது தீர்ப்பு, எது வெறும் வழக்கம் என்று பிரிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் பேராசிரியர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்.

திருத்தங்களைப் பற்றிப் படிக்கும்போது 27ஆவதின் கதையையும் படியுங்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அமலாகும் என்பது அது. 1789இல் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டு, போதிய ஆதரவில்லாமல் கிடப்பில் கிடந்தது. 1982இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், இதே மாதிரி ஓர் அரசியல் பாடத்துக்கு, அந்தத் திருத்தத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். கிடைத்த கிரேடு சி. மனுஷன் விடவில்லை, மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார், 1992இல் திருத்தம் நிறைவேறியது. 2017இல் அந்த சி கிரேடை ஏ என்று மாற்றிக் கொடுத்தார்கள். நாலில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது இன்றைய கணக்கில் 38, ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற விதி இந்தக் கதைக்குப் பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

வழக்குகளுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், வழக்கின் பெயரையும் வருஷத்தையும் மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு சின்ன அட்டை போடுங்கள். யாருக்கு என்ன நடந்தது, எந்த வரியைப் பற்றிய சண்டை, நீதிமன்றம் என்ன சொன்னது, அதற்கு முன் என்ன நிலை, பின் என்ன நிலை. கிடியன் எதிர் வெய்ன்ரைட் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1961இல் ஃப்ளோரிடாவில் ஒரு விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருடினார் என்று கிளாரன்ஸ் கிடியன் மேல் வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை, நீதிமன்றமே ஒருவரைத் தரவேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் இந்த மாநிலத்தில் தருவோம் என்று நீதிபதி மறுத்துவிட்டார். தானே வாதாடித் தோற்று, சிறையிலிருந்து கையால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1963இல் எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம். மறுவிசாரணையில் வக்கீல் வந்து வாதாடியதும் விடுதலையாகிவிட்டார்.

இதில் படிக்கவேண்டியது கதையோடு முடிவதில்லை. வக்கீல் உரிமை ஆறாவது திருத்தத்தில் இருக்கிறது. முதல் பத்துத் திருத்தங்களான உரிமைகள் சாசனம் 1791இல் வந்தபோது கட்டுப்படுத்தியது ஃபெடரல் அரசை மட்டும்தான், மாநிலங்களை அல்ல. உள்நாட்டுப் போர் முடிந்து 1868இல் வந்த பதினான்காவது திருத்தம், சட்டப்படியான முறையில்லாமல் எந்த மாநிலமும் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக்கூடாது என்றது. அந்த வரியை வழியாக வைத்து, உரிமைகளை ஒவ்வொன்றாக, வழக்கு வழக்காக, நீதிமன்றம் மாநிலங்களின் மேலும் போட்டது. பாடத்திலேயே கஷ்டமான பகுதி இதுதான், கிடியன் அட்டையில் ஆறு, பதினான்கு என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பிடிபட்டுவிடும். வழக்குகளை ஜோடியாகவும் வையுங்கள். இனப் பிரிவினையை அனுமதித்த 1896 பிளெஸ்ஸி, அதைப் பள்ளிகளில் தள்ளிய 1954 பிரவுன். ஃபெடரல் அதிகாரத்தை விரித்த 1819 மெக்கலக், அதற்கு ஓர் எல்லை போட்ட 1995 லோபெஸ். கருக்கலைப்பில் 1973 ரோ, அதை மாற்றிய 2022 டாப்ஸ்.

எண்களுக்கு அதிகம் நேரம் வேண்டாம். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஓட்டுக்கு, பிரதிநிதிகள் சபையின் 435உம் செனட்டின் 100உம் தலைநகருக்கு 3உம் சேர்ந்தால் 538, ஜெயிக்க அதில் பாதிக்கு மேல், 270. மசோதாவை மறுக்கும் அதிபரின் வீட்டோவைத் தாண்ட இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு. செனட்டில் சமமாக நின்றால் மட்டும் துணை அதிபர் ஓட்டு. அம்மா வழியில் சென்னையோடு உறவுள்ள கமலா ஹாரிஸ் அப்படி 33 முறை போட்டார், வரலாற்றிலேயே அதிகம், ஏனென்றால் 2021இல் செனட் 50க்கு 50 என்று நின்றது.

சரி, ஆன்லைன் பகுதி. மூன்று கிரெடிட் பாடத்துக்குப் பதினாறு வாரப் பருவத்தில் வாரம் ஒன்பது மணி நேரம் ஒதுக்குங்கள். எட்டு வாரப் பருவம் என்றால் அதே பாடம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், முழுநேர வேலையில் இருப்பவர்கள் முதல் முறை அதை எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் சேரும் முன்பே கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், மூன்று கிரெடிட் வரைதான் சேரும். சிலபஸை அச்சடித்து, எல்லாக் கெடுவையும் அன்றே போன் காலண்டரில் ஏற்றுங்கள். கெடு ஞாயிறு இரவு 11:59 என்றால், அது சனிக்கிழமை என்று நினைத்தே முடித்துவிடுங்கள். வெப்கேம் வைத்துக் கண்காணிக்கும் தேர்வாக இருந்தால் மாதிரித் தேர்வை அதே மேசையில், அதே கம்ப்யூட்டரில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்றாலும் நம்பாதீர்கள், கேள்விக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது தேட நேரம் இருக்காது. புத்தகம் வாங்கும் முன் ஓபன்ஸ்டாக்ஸ் புத்தகம் போதுமா என்று பேராசிரியரிடம் கேளுங்கள், ரைஸ் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிடுவது அது.

டிஸ்கஷன் போர்டில் நம் ஆட்கள் இரண்டு விதமாகத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, வெளிநாட்டுக்காரர் நமக்கெதற்கு என்று "நானும் ஒத்துக்கொள்கிறேன்" மட்டும் எழுதுவது. இன்னொன்று, டிவி விவாதம் மாதிரி ஒரு கட்சிக்காகப் பொங்குவது. மதிப்பெண் நீங்கள் எந்தப் பக்கம் என்பதற்கு இல்லை, ஆதாரத்துக்கு. முதல் வரியில் உங்கள் நிலை, அடுத்து அரசமைப்பின் எந்தப் பிரிவு அல்லது எந்த வழக்கு, அப்புறம் எதிர்த் தரப்பின் பலமான வாதம், அதற்கு உங்கள் பதில். மற்றவர்களுக்குப் பதில் எழுதும்போது புதிதாக ஒரு தகவலோ உண்மையான ஒரு கேள்வியோ இருக்கட்டும். வேறொரு நாட்டின் ஆட்சிமுறைக்குள் வாழ்ந்து பார்த்திருக்கிறீர்கள், அந்த வகுப்பில் பலருக்கு இல்லாத சொத்து அது. கட்சித் தாவல் தடையைப் பற்றி நான் எழுதிய பத்து வரிக்குத்தான் அந்தப் பருவத்திலேயே அதிகக் கேள்வி வந்தது. ஏஐயிடம் எழுதி வாங்கி ஒட்டாதீர்கள். பல சிலபஸில் அது நேரடியாகவே தடை, இல்லாத வழக்கைக் கூட அது உண்மை மாதிரி எழுதித் தரும்.

இதோடு காங்கிரஸின் அதிகாரபூர்வத் தளத்தில் உங்களுக்கு அக்கறையுள்ள ஒரு மசோதாவை, விசாவோ மருத்துவச் செலவோ, தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு குழுவுக்கு அனுப்பப்பட்டதோடு அது நகராமல் நிற்கும். மசோதா சட்டமாவது எப்படி என்ற படத்தைப் பார்ப்பதைவிட, அந்த நகராத வரியைப் பத்து வாரம் பார்ப்பது குழுத் தலைவரின் பலத்தை நன்றாகச் சொல்லித் தரும்.

கடைசித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு வெள்ளைத் தாளில் காங்கிரஸ், அதிபர், நீதிமன்றம் என்று மூன்று வட்டம் போட்டு, யார் யாரை எப்படித் தடுக்கலாம் என்று புத்தகம் பார்க்காமல் அம்புக்குறி வரையுங்கள். வீட்டோ, அதைத் தாண்டும் ஓட்டு, நீதிபதி நியமனம், செனட் ஒப்புதல், நிதி, பதவிநீக்கம், சட்டத்தைச் செல்லாததாக்குவது. ஒவ்வொரு அம்பிலும் அது அரசமைப்பில் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள், நீதிமன்றத்தின் அம்பில் மார்பரி என்று எழுதுங்கள். எந்த அம்பு விட்டுப்போகிறதோ அந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படித்துவிட்டு, தேர்வுக்கு முந்தின ராத்திரி சீக்கிரம் தூங்கிவிடுங்கள்.