பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு புரொப்பெல்லர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரைப் பக்கம் ஓடிக் கைமாறி வந்த பழைய சின்ன அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்பலகையில் வெளியே தொங்கவிடுகிற மோட்டார்) மதுரைப் பக்கம் கண்மாய்ப் படகில் மாட்டுகிறவர்கள், ஷாஃப்டில் ஏறினால் போதும் என்று கிடைத்த புரொப்பெல்லரைப் பூட்டிவிடுகிறார்கள். படகு ஓடத்தான் செய்யும். கெடுதல் அப்புறம்தான் தெரியும்.

பெரும்பாலான புரொப்பெல்லர்களில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 8 × 7 என்றால் 8 அங்குலம் விட்டம், 7 அங்குலம் பிட்ச். மரத்துக்குள் திருகாணி இறங்குவது போல, ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேற வேண்டும் என்ற கணக்குதான் பிட்ச். தண்ணீரில் கொஞ்சம் நழுவுவதால் அதைவிடக் குறைவாகத்தான் நகரும். பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்று நம்பி வாங்குவதுதான் பெரிய தவறு. நாலு பேரும் வலையும் ஏறிய கனத்த படகில், த்ராட்டிலை முழுக்கத் திருகினாலும் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) ஏறாது. இன்ஜின் முக்கி முக்கி ஓடும், சூடேறும், கரி பிடிக்கும். கடைசியில் செலவு பிஸ்டனில் வந்து நிற்கும். பிட்ச் ரொம்பக் குறைந்தாலும் ஆபத்துதான், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும்.

முழு த்ராட்டிலில் எத்தனை ஆர்.பி.எம். வர வேண்டும் என்று அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். அதை அளக்க, ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றி மாட்டுகிற சின்ன டேக்கோமீட்டர் ஒன்று போதும். ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வழக்கமான சுமையை ஏற்றிக்கொண்டு பாருங்கள். பிட்ச் 1 அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை கூடும்.

புரொப்பெல்லரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஷாஃப்ட் நீளத்தைப் பாருங்கள். 15 அங்குல ஷாஃப்ட் உள்ள மோட்டாரை 20 அங்குல உயரப் பின்பலகையில் மாட்டினால், புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை இழுத்துச் சும்மா சுற்றும். எந்தப் பிட்ச் போட்டாலும் அது தீராது.

ரப்பர் ஹப் (நடுக்குழாயையும் வெளிப்பகுதியையும் பிடித்திருக்கும் ரப்பர்) உள்ள பழைய புரொப்பெல்லர் வாங்கினால், நடுக்குழாயிலிருந்து வெளிப்பகுதி வரை பெயிண்டால் ஒரே கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் விட்டுவிட்டது. றெக்கை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது வேண்டாம்.

நம் கண்மாய்களில் தண்ணீருக்கடியில் சீமைக்கருவேல மூடு நிற்கும். அதில் மோதும்போது ஒடிந்து கியரைக் காப்பாற்றத்தான் ஷேர் பின், அதாவது புரொப்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சின்னப் பின். ஒடிந்த இடத்தில் ஆணியையோ கெட்டியான போல்ட்டையோ அடிக்காதீர்கள், அடுத்த மோதலில் கியர் போய்விடும். அந்த மோட்டாருக்குச் சொன்ன அளவிலும் உலோகத்திலும் நாலு பின் படகிலேயே இருக்கட்டும். பழைய பிரிட்டிஷ் சீகல் கம்பெனி மோட்டாரில் பின்னுக்குப் பதில் ஸ்பிரிங் இருக்கும், அதற்கு அதையே தேடுங்கள். வண்டியூர்க் கண்மாய் மாதிரி ஆகாயத்தாமரை மண்டுகிற இடமென்றால், றெக்கை பின்னோக்கி வளைந்த புரொப்பெல்லர் நல்லது, கொடி அவ்வளவாகச் சுற்றாது.

வளைந்த றெக்கையைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி அப்படியே மாட்டுவதும் வேண்டாம். சமநிலை தப்பினால் அதிரும், ஷாஃப்ட் சீல் தேயும், கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கும். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். வெளுத்துக் கலங்கியிருந்தால் புரொப்பெல்லர் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் சீலை மாற்றுங்கள்.