வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும்: சேலத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் எப்போதும் பாய் விரித்தே கிடக்கும் ஓர் இடம் உண்டு. முழம் அகலம்தான். மொசைக் தரை அங்கே மட்டும் பளபளப்பை இழந்து, கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். வினிகரில் நனைத்த துணியை அங்கே வைத்துவிட்டு, மறந்து படுக்கப் போன ஓர் இரவின் விளைவு அது. கடையில் வாங்கும் கழுவும் திரவங்களின் நெடி மகளுக்கு இருமலைக் கிளப்புகிறது என்பதால்தான் வினிகருக்கு மாறினேன். மாறியதில் வருத்தமில்லை, இன்றும் எங்கள் வீட்டில் வினிகர்தான். ஆனால் அது எதன்மேல் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளாமல் பாட்டிலைத் திறந்தது என் தவறு.

கடையில் சமையலுக்கு விற்கும் வினிகரில் ஏறக்குறைய 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதன் பெரிய திறமை, கார்பனேட்டைக் கரைப்பது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் புழங்கும் சேலத்து வீடுகளுக்கு இது வரம்தான். குழாயின் வாயிலும் ஷவரின் துளைகளிலும் வாளியின் உட்புறத்திலும் வெள்ளையாகப் படிகிறதே, நாம் ‘உப்பு’ என்கிறோமே, அது சாப்பாட்டு உப்பு அல்ல. தண்ணீரில் கரைந்து வந்த கால்சியமும் மெக்னீசியமும் கெட்டிப்பட்டுப் படிந்தது. அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். வினிகர் பட்டால் பொடிப் பொடியாகக் குமிழ் விட்டுக் கரையும். ஷவர் முனையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றிக் கட்டி, அரை மணி நேரம் கழித்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் அடைத்த துளைகள் திறந்துகொள்ளும்.

நாம் காசு கொடுத்துப் பதித்த பல பொருள்களும் அதே இனம்தான் என்பதை மறந்துவிடுகிறோம். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல். மொசைக் தரையில் இருப்பது மார்பிள் சில்லும் சிமெண்டும். டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளைச் சிமெண்டும் அமிலத்துக்குத் தாங்காது. குழாயில் படிந்த உப்பைக் கரைக்கிற அதே வினிகர் தரையையும் கரைக்கும். கடப்பா மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கறை அல்ல, கல்லே அரிக்கப்பட்ட தழும்பு. கறை என்று நினைத்து மேலும் வினிகர் ஊற்றித் தேய்ப்பவர்கள் தழும்பைப் பெரிதாக்குகிறார்கள். மறுபடி மெருகு ஏற்றினால் ஒழிய அது போகாது.

உங்கள் தரை என்ன கல் என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். குமிழ் வந்தாலோ, துடைத்த பிறகு மங்கலாகத் தெரிந்தாலோ அங்கே வினிகருக்கு வேலை இல்லை. கிரானைட் அப்படிச் சட்டென்று கரையாது என்றாலும், தினமும் வினிகரால் துடைத்தால் அதன் மேல்பூச்சு மங்கும். சோப்புத் தண்ணீரும் ஈரத் துணியும் போதும். பளபளப்பான டைல்ஸ் தரைக்கு அரை வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் கலந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். இடுக்குகள் பிழைக்கும்.

ஏற்காட்டில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் இந்தத் தவறு சுவரில் நடந்தது. சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பீரோவுக்குப் பின்னால், வடக்குச் சுவரில் எல்லாம் பூஞ்சை பூக்கும். வினிகர் பூஞ்சையைக் கொல்லும் என்று யாரோ சொல்ல, சித்தி சுவர் முழுக்கத் தெளித்துவிட்டார். சுண்ணாம்பு அடித்த சுவர் அது. சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில் பூஞ்சை எளிதில் வேர் பிடிக்காது. வினிகர் போய் அந்தக் காரத்தையே முறித்துவிட்டது. சுவர் மாவு மாவாக உதிர்ந்தது, அடுத்த மழைக்குப் பூஞ்சை முன்னைவிட அதிகமாக வந்தது. பழைய மலைவீடுகளில் செய்ய வேண்டியது வேறு: ஈரம் எங்கிருந்து இறங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், ஓட்டு ஒழுகலா, சுவரை ஒட்டி மண் ஏறிக் கிடக்கிறதா என்று. அதைச் சரிசெய்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு ஈரத் துணியால் பூஞ்சையைத் துடைத்தெடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பின் புதிதாகச் சுண்ணாம்பு அடியுங்கள். மர அலமாரியின் உட்பக்கத்தை மட்டும் வினிகர் தொட்ட துணியால் துடைக்கலாம். உடனே வெயில் காட்டிக் காய வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் பாழாவது பொருள்தான். அடுத்து வருவதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

பிளீச்சிங் பவுடரும் வினிகரும் ஒருபோதும் சேரக் கூடாது. தண்ணீர்த் தொட்டி கழுவவும் குளியலறைத் தரையில் தூவவும் பிளீச்சிங் பவுடர் வாங்கி வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூவிவிட்டு, உப்புப் படிவமும் சேர்ந்து போகட்டும் என்று மேலேயே வினிகரை ஊற்றினார். ஒரு நிமிடத்துக்குள் தொண்டை பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கொட்ட, இருமியபடி வெளியே ஓடி வந்தார். அமிலம் பட்டால் பிளீச்சிங் பவுடரிலிருந்து குளோரின் வாயு வெளிவரும். 1915இல், முதல் உலகப் போரில், ஈப்பர் போர்க்களத்தில் மனிதர்கள்மேல் ஏவப்பட்ட வாயு இதுதான். வீட்டில் வருவது கொஞ்சம்தான். ஆனால் ஜன்னல் இல்லாத குளியலறைக்கு அதுவே அதிகம். காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வாகவே தேங்கும், குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேராக. வெள்ளைத் துணிக்குப் போடும் திரவ பிளீச்சுக்கும் இதே விதி. கழிவறைக் கோப்பை கழுவும் திரவங்களில் பல ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டவை. அவற்றையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. நெடி ஏறினால் சுத்தம் செய்வதை அப்படியே விட்டு வெளியே வாருங்கள். உடையில் சிந்தியிருந்தால் மாற்றுங்கள், கண்ணை நிறையத் தண்ணீரால் கழுவுங்கள், மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரே அறையில் ஒரே நாளில் இரண்டையும் எடுப்பதில்லை என்று எங்கள் தெருவில் பலரும் இப்போது வழக்கமாக்கிக்கொண்டோம்.

சோடா உப்பையும் வினிகரையும் கலந்தால் நுரை பொங்கும். ஆபத்து இல்லை, பயனும் இல்லை. பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிட, மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அடுப்பு மேடை எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம்தான் வேண்டும். என் அப்பாயி எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சாம்பலும் பித்தளைக் குடத்துக்குப் புளியும் எடுத்தது இதே கணக்கில்தான்: சாம்பல் காரம், புளியில் டார்டாரிக் அமிலம். சோடா உப்பால் பிசுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு தனியாக வினிகரை எடுங்கள். சோப்புக் கட்டியைக் கரைத்த தண்ணீரிலும் வினிகர் ஊற்றாதீர்கள். சோப்பு திரிந்து, தரையில் வழவழவென்று ஒட்டும்.

இரும்பு தோசைக்கல்லைப் பழக்க மாதக்கணக்கில் ஆகும். வினிகரில் ஊறப் போட்டால் பழகிய பதம் ஒரே நாளில் போய்த் துருப்பிடிக்கும். அலுமினியப் பாத்திரமும் அரிபடும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசின் கறுப்பு, வெள்ளி சல்பைடு. அதை வினிகர் கரைக்காது. முத்துப் பதித்த நகையாக இருந்தால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், முத்தும் கால்சியம் கார்பனேட்டுதான். வீட்டில் வாந்தி பேதி வந்தவர் புழங்கிய கழிவறைக்கு வினிகர் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, அலசிய பிறகு, பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்த பிளீச்சைத் தனியாகப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, விலை மலிவு என்று ரசாயனக் கடையில் அடர் அசிட்டிக் அமிலத்தை வாங்கி, வீட்டில் தண்ணீர் கலந்துகொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சாயப் பட்டறைகளுக்குப் போகும் சரக்கு அது. சமையல் வினிகரைப் போலப் பல மடங்கு அடர்த்தி. தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மளிகைக் கடை வினிகரையே வாங்குங்கள். அதையும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளை எடுத்துக் குடித்துவிடும்.