ஜான்சி ராணிப் படையில் இருந்த பாட்டியின் தடத்தைத் தேட

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்கள் பிரிவாக இருந்தது ஜான்சி ராணிப் படை. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். கேப்டன் லட்சுமி, ஜானகி தேவர் போல வெளியே தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் கதையை வீட்டார்தான் திரட்ட வேண்டும். அதுவும் இன்று பெரும்பாலும் மகளையோ மருமகளையோ கேட்டுத்தான்.

முதலில் பெயர். படையில் சேர்ந்தபோது பலருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கணவர் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பிறந்த வீட்டுப் பெயர், தகப்பனார் பெயர், தோட்டம் மூன்றையும் எழுதுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும், இரண்டும் வேண்டும். இங்கே லட்சுமி என்றிருப்பவர் மலேசிய ஆவணத்தில் லெட்சுமி, லெச்சுமி என்றெல்லாம் இருப்பார். தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

சீருடைப் படம் இருந்தால் முன்புறம், பின்புறம் இரண்டையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை பின்னால்தான் இருக்கும். சட்டக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை மட்டும் இழுக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் கண்ணாடியோடேயே போட்டோ எடுங்கள்.

பேட்டியை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக எடுங்கள். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தால் மூத்த மகனே பதில் சொல்லி முடித்துவிடுவார். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். "சண்டை போட்டாரா?" என்று ஆரம்பித்தால் "தெரியாது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். முடியை யார் வெட்டினார்கள், கழற்றிக் கொடுத்த நகை எது, இந்துஸ்தானியில் சொன்ன உத்தரவுகளில் எது கடைசிவரை நினைவில் இருந்தது என்று கேளுங்கள்.

சொன்னதைத் தேதிகளோடு ஒட்டிப் பாருங்கள். சிங்கப்பூர் வாட்டர்லூ தெரு முகாம் திறந்தது 22 அக்டோபர் 1943. பிறகு ஒரு பகுதியினர் பர்மா சென்றார்கள், மேமியோவில் முகாம். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிப் பின்வாங்கல். "பாட்டி இம்பாலில் சுட்டார்" என்பது பல வீடுகளில் வளர்ந்த கதை. இந்தப் படை இம்பால் சண்டையில் இறக்கப்படவில்லை. அழித்துவிடாமல், "குடும்பத்தார் சொல்வது" என்று தனியே குறித்து வையுங்கள்.

பலரும் 1945-இல் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிந்திய காலத்துக்குத்தான் கேள்வி அதிகம் வேண்டும். திரும்பிப் போனது எந்தத் தோட்டத்துக்கு? மறுபடி ரப்பர் மரத்தில் பால் வெட்டினாரா? பெண் பார்க்க வந்தவர்களிடம் படையில் இருந்ததைச் சொன்னார்களா, மறைத்தார்களா? ஊருக்குக் கப்பல் ஏறியது எந்த வருஷம்?

இந்தியாவுக்கு வந்த குடும்பம் என்றால் டிரங்குப் பெட்டியைக் கிளறுங்கள். 1972-இல் மத்திய அரசு தியாகி ஓய்வூதியம் தொடங்கியது. அதற்கு விண்ணப்பித்திருந்தால், நகலில் முகாம், சிறை இருந்த நாட்கள், சான்றளித்த சக வீரர்களின் பெயர்கள் இருக்கக்கூடும். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளையும், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பேட்டிகளையும் தேடுங்கள். பாட்டியின் பெயர் இன்னொருவர் பேச்சில் வந்திருக்கலாம்.