கபடி ஆடுபவர்களுக்கு கிரியேட்டின்: எவ்வளவு, எப்படி, கூடவே எது வேண்டாம்

ஒழுங்காகப் பயிற்சி எடுத்து, தூக்கமும் சாப்பாடும் சரியாக இருப்பவர்களுக்குத்தான், தசையில் இயல்பாகவே இருக்கும் கிரியேட்டினைக் கூட்டித் தரும் இந்தப் பவுடர். மற்றவர்கள் அந்தக் காசுக்கு முட்டை வாங்கிச் சாப்பிடுங்கள்.

வாங்குவதென்றால் வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் போதும், வேறு பெயர் ஒட்டி விலை கூட்டி விற்பதெல்லாம் வேண்டாம். ரெய்டுக்கு 30 வினாடி இருந்தாலும், கணுக்காலைப் பிடித்தவனை உதறிவிட்டு நடுக்கோட்டுக்குப் பாய்வது நாலைந்து வினாடி வேலை. அந்த நேரத்தில் தசை எரிக்கும் ஏடிபி என்ற எரிபொருளைச் சட்டென்று திரும்ப நிரப்பிக் கொடுப்பது, கிரியேட்டின் தசைக்குள் மாறி இருக்கும் வடிவமான பாஸ்போகிரியேட்டின், அது சீக்கிரம் தீர்ந்து ஓய்வில் மறுபடி ஊறும். பவுடர் அந்த இருப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது, அதனால் அடுத்தடுத்த ரெய்டில் வேகம் அவ்வளவாக இறங்காது. சைவக்காரர்களுக்கு இருப்பே குறைவு என்பதால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தினமும் 3 முதல் 5 கிராம், பயிற்சி இல்லாத நாளிலும். நாலு வாரத்தில் தசை நிறைந்துவிடும். அவசரமென்றால் ஒரு வாரத்துக்கு தினம் 20 கிராமை நாலு வேளையாகப் பிரித்துக் குடிக்கலாம், ஒரே மடக்காகப் போட்டால் வயிறு கலக்கிவிடும். டம்ளர் அடியில் மணல் மாதிரி தங்குவதைப் பலர் கொட்டிவிடுகிறார்கள், அதுதான் சரக்கே, தண்ணீர் ஊற்றி அலசிக் குடியுங்கள்.

தசைக்குள் நீர் சேர்வதால் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். எடைப் பிரிவு ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் தொடங்கிவிட்டு, தராசு 700 கிராம் கூடக் காட்டியதும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடியவன் நான், அப்படி மாட்டிக்கொள்ளாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (கிரியேட்டின் சிதைந்து உண்டாகும் கழிவு, சிறுநீரகம் எப்படி என்று பார்க்க அளப்பது) சற்றுக் கூடுதலாக வரலாம், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம், 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். சாப்பாட்டில் எட்டாத மிச்சத்துக்கு மட்டும் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்). அதிலேயே பிசிஏஏ என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன, அதற்குத் தனி டப்பா தண்டம்.

உடம்பு வலிக்கிறதென்று தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, கூடவே ஈ மாத்திரை போடுவதை நிறுத்துங்கள். கடும் பயிற்சியில் உண்டாகும் ஆக்சிஜன் கழிவுதான், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கச் சொல்லி தசைக்குத் தகவல் கொடுக்கிறது, பெரிய டோஸ் அதை மழுக்கிவிடலாம். நெல்லிக்காய், கொய்யா தாராளமாகச் சாப்பிடலாம்.

காபி, டீயில் உள்ள காஃபின் வேலை செய்யும், ஆனால் உடம்பிலிருந்து அதில் பாதி இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டமென்றால் தூக்கம் போச்சு, தூக்கம் போனால் அப்புறம் எந்தப் பவுடரும் உடம்பைத் தேற்றாது.

கிரியேட்டின் தடை செய்யப்பட்டதில்லை. ஆனால் கலப்படத்தால் ஊக்கமருந்து சோதனையில் மாட்டினாலும் பொறுப்பு உங்களுடையதுதான். ஆகவே இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் மாதிரி பேட்ச் வாரியாகச் சோதித்த முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பேட்ச் எண்ணை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், சீசன் முடியும்வரை காலி டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள்.