ஓயாமல் சொறியும் நாய்க்கு மருந்து தேர்ந்தெடுப்பது எப்படி

எங்கள் நாய் மணிக்கு இரண்டு வயதில் அரிப்பு தொடங்கியது. மூன்று வருஷம் அதற்கு ஒரே வைத்தியம்தான் பார்த்தோம்: ஊசி. போட்ட மறுநாளே சொறிவது நின்றுவிடும். மூன்று வாரம் நிம்மதி. நாலாவது வாரம் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மறுபடி அந்தச் சளப் சளப் சத்தம், பாதத்தை நக்குகிற சத்தம், கேட்க ஆரம்பிக்கும். அது நாள்பட வேலை செய்கிற ஸ்டீராய்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து வயதில் மணி தண்ணீர்ச் சட்டியை ஒரு நாளைக்கு நாலு தடவை காலி செய்தான். வயிறு தொங்கியது, தொடைச் சதை வற்றியது, அடிவயிற்றுத் தோல் காகிதம் மாதிரி மெலிந்துபோனது. அதைப் பார்த்த பிறகுதான் வேறு டாக்டரைத் தேடினேன்.

ஒத்தக்கடையில் நான் மாவு மில் நடத்துகிறேன். மணி மஞ்சள் நிற லாப்ரடார், இப்போது ஏழு வயது. இந்த இனத்துக்குத் தோல் ஒவ்வாமை அதிகம் வரும். ஆனால் சிப்பிப்பாறை, ராஜபாளையம், தெருநாய் எதுவானாலும் கீழே சொல்லும் வரிசை ஒன்றுதான்.

புதிதாகப் பார்த்த டாக்டரம்மா முதல் நாளே சொன்னார்: "அக்கா, முதல்ல பூச்சி, அப்புறம் கிருமி, அப்புறம் சாப்பாடு. இந்த மூணையும் கழிச்சுப் பார்த்துட்டு மாத்திரையைப் பேசுவோம்." இந்த வரிசையை மாற்றினால் பணமும் போகும், நாயும் கஷ்டப்படும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

பூச்சியை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். வாலடியில், இடுப்புக்கு மேல் நாய் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்படுங்கள். பல் நெருக்கமான சீப்பால் அந்த இடத்தை வாரி, உதிர்கிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளு குடித்த ரத்தத்தின் கழிவு. தெள்ளின் எச்சிலே ஒவ்வாமையான நாய்க்கு நாலைந்து கடி போதும், உடம்பெல்லாம் அரிக்கும். காது ஓரமும் முழங்கையும் முடி கொட்டி, வீட்டு மனிதர்களுக்கும் கையில் அரிப்பு வந்தால் அது சொறிப் பூச்சியாக இருக்கலாம். தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் வகை மாத்திரைகள் தெள்ளு, உண்ணி, சொறிப் பூச்சி எல்லாவற்றையும் கொல்லும். முதலாவது சுமார் 12 வாரம் தாங்கும், இரண்டாவதை மாதாமாதம் கொடுக்க வேண்டும். நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் ஊர் வெயிலில் உண்ணி வருஷம் முழுக்க இருப்பதால் நான் ஒரு மாதம்கூட இதை விடுவதில்லை.

அடுத்தது கிருமி. மணியின் விரலிடுக்கில் புளித்த மாவு வாடை வரும். மில்லில் இருக்கிறவன், மாவு ஒட்டியிருக்கும் என்றே நினைத்திருந்தேன். டாக்டரம்மா செல்லோடேப் துண்டை அந்த இடுக்கில் அழுத்தி எடுத்து, சாயத்தில் முக்கி, மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில், உரிக்காத நிலக்கடலை மாதிரி நடுவில் இடுப்பு சிறுத்த உருவங்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. மலசீசியா என்கிற பூஞ்சை. அதுவும் தோலில் வரும் பாக்டீரியாவும் பெருகிவிட்டால் எந்த அரிப்பு மாத்திரையும் பாதிதான் கேட்கும். ஐந்து நிமிடப் பரிசோதனை இது. மூன்று வருஷ ஊசிகளுக்கு இடையில் ஒரு தடவைகூட எங்களுக்கு நடக்கவில்லை. இதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கிருமிக்குக் குளோர்ஹெக்ஸிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு, முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை. நுரை தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூன்று நிமிடத்தில் கழுவிவிடுவோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் கடைசி இரண்டு வாளி மட்டும் குடிதண்ணீர். விரலிடுக்கு ஈரம் போகத் துடைப்பது குளிப்பாட்டுவதைவிட முக்கியம். காதுக்கு மட்டும் கையிருப்புச் சொட்டு மருந்தை விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் சக்தியைக் கெடுக்கும்.

வேஸ்ட் ஆயில் தடவு, டெட்டால் ஊற்று என்று அக்கறையாகச் சொல்ல நாலு பேர் வருவார்கள். இரண்டுமே தோலை எரிக்கும், நக்கினால் உள்ளேயும் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சாப்பாட்டுச் சோதனைதான் பொறுமையைக் கேட்பது. இதற்கு ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. நாய் பிறந்ததிலிருந்து சாப்பிடாத ஒரு கறி, ஒரு கிழங்கு, 8 வாரம், வேறெதுவும் கூடாது. மணிக்குக் கோழி, முட்டை, தயிர், ஆட்டெலும்பு எல்லாம் பழக்கம். மீன் மட்டும் கொடுத்ததில்லை. அதனால் ஜிலேபி மீனை வேகவைத்து, முள்ளைக் கையாலேயே தடவித் தடவி எடுத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு பிசைந்து கொடுத்தேன். பிஸ்கட் கிடையாது, கறிச்சுவை சேர்த்த மாத்திரையும் கிடையாது. ஐந்தாவது வாரம் பக்கத்து வீட்டுக் கிடாவெட்டில் ஒரு பிள்ளை எலும்பைப் போட்டுவிட்டான். கணக்கு கெட்டது, முதலிலிருந்து தொடங்கினோம். கடைசியில் மணிக்கு ஒரு மாற்றமும் இல்லை. குறைந்திருந்தால் பழைய சாப்பாட்டை மறுபடி கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று உறுதி செய்திருப்போம். மாற்றம் இல்லாததும் ஒரு பதில்தான்: சாப்பாடு கழிந்தது. மிஞ்சியது காற்றிலும் தூசியிலும் இருப்பவை கிளப்பும் ஒவ்வாமை. இது தீராது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம்.

இனி மாத்திரை. மில் தராசில் நிறுத்தேன், 31 கிலோ. எடை சரியாகத் தெரியாமல் எந்த அளவையும் பேசாதீர்கள்.

ப்ரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை மிக மலிவு, வேகமும் அதிகம். திடீரென்று அரிப்பு கிளம்பித் தோல் ரணமாகும்போது சில நாள் கொடுப்பதற்கு அதுவே சரி. மாதக்கணக்கில் தினமும் கொடுப்பதற்கு அல்ல. கொடுத்தால் மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், வலி மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. ஊசியாகப் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் மாத்திரையாகவே கேளுங்கள்.

ஓக்லாசிடினிப் ஒரு நாளுக்குள் அரிப்பைக் குறைக்கும். ஒரு கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், முதல் 14 நாள்வரை இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. மணிக்கு 16 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. ஒரு வயதுக்குக் குறைந்த நாய்க்கும், கடுமையான தொற்றோ புற்றுநோயோ உள்ள நாய்க்கும் கூடாது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் உண்டு. செலவு அதிகம்தான். ஆனால் மணி முதல் வாரமே ராத்திரி முழுக்கத் தூங்கினான்; அந்தத் தூக்கத்துக்காக நான் வேறு செலவைக் குறைத்துக்கொண்டேன்.

சைக்ளோஸ்போரின் வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும், ஆரம்பத்தில் வாந்தி வரலாம்; பிறகு பல நாய்களுக்கு நாள்விட்டு நாள் போதும். லோகிவெட்மாப் ஊசி அரிப்பு சமிக்ஞையை மட்டும் தடுக்கும், 4 முதல் 8 வாரம் நிற்கும். உங்கள் டாக்டரால் வரவழைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இளம் நாய் என்றால் ஒவ்வாத பொருளுக்கே உடம்பைப் பழக்கும் ஊசி முறையையும் கேளுங்கள், பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகும். சிக்கலானால் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வரத் தயங்காதீர்கள். மனிதர்களுக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரையான செட்ரிசின் மட்டும் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள், நாய்களுக்கு அது பெரிதாகக் கேட்பதில்லை.

மாத்திரையின் அளவு கூடாமல் இருக்க வீட்டையும் மாற்றினோம். மணி மாவுச் சாக்கில்தான் படுப்பான். தானியத்திலும் மாவிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வீட்டுத் தூசிப் பூச்சிக்குச் சொந்தம். அவையும் ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால் மில் பக்கம் கதவு போட்டோம். பழைய பருத்திப் புடவையில் மெத்தை தைத்து வாராவாரம் கொதிநீரில் அலசுகிறேன். கண்மாய்க் கரையில் பார்த்தீனியம் பூத்துக் கிடப்பதால் நடந்து வந்ததும் நாலு பாதமும் கழுவல். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கூடுதல் கவனம்.

மில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு எண் எழுதுகிறேன். அரிப்பே இல்லை என்றால் 0, நிறுத்தவே முடியவில்லை என்றால் 10. தொடக்கத்தில் எல்லாம் 8, 9. இந்த வாரம் 2, 2, 3. மருந்து மாற்றலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் டாக்டரம்மா அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். நீங்களும் நோட்டு, இதுவரை கொடுத்த மாத்திரை அட்டைகள், நாய் சொறிகிற ஒரு வீடியோ, இந்த மூன்றோடு போங்கள். போவதற்கு மூன்று நாள் முன்பிருந்து குளிப்பாட்டாதீர்கள். செல்லோடேப்பில் ஒட்ட வேண்டியது தோலிலேயே இருக்கட்டும்.