கஷ்டமான பாடத்தை எப்போது எடுப்பது?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகும் நம்ம காரைக்குடி, தேவகோட்டைப் பிள்ளைகளே, மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடப்பிரிவுக்கு, எந்தப் பாடங்கள் கட்டாயம் என்று முதலில் அசிஸ்ட் இணையதளத்தில் (எந்தக் கல்லூரிப் பாடம் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று காட்டும் தளம்) பார்த்துவிட்டு, கால்குலஸ், ஃபிசிக்ஸ் மாதிரிக் கடினமானவற்றை செமஸ்டருக்கு ஒன்றிரண்டாகப் பிரித்து, கூடவே லேசான பாடம் ஒன்றையும் வைத்து எடுங்கள். கட்டாயப் பாடத்தைத் தள்ளிப்போட்டு சுலபமானதில் ஏ வாங்கிக் குவித்தால் இன்ஜினியரிங் சீட்டுக்கு உதவாது. அதேநேரம் ஹானர்ஸ் வகுப்பு (பாடத்தின் கடினமான வடிவம்) என்பதற்காக டிரான்ஸ்ஃபர் ஜிபிஏவில் (மாறும்போது பார்க்கும் கிரேடு சராசரி) கூடுதல் புள்ளி எதுவும் கிடையாது, பி வாங்கினால் பி தான், அதனால் மேஜருக்குத் தேவைப்படாத கடினப் பாடத்தை வீம்புக்கு எடுக்க வேண்டாம்.

அங்குள்ள தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இது அப்படியே பொருந்தாது, சில இடங்களில் பாடத்தின் கனத்தையும் பார்ப்பார்கள். நம்ம ஊரில் பாலிடெக்னிக் முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்கிறவர்களுக்கும் பொருந்தாது, இங்கே டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத்தான் ரேங்க்.